பதினைந்து காய்களும் ஒரு காலிக்கட்டமும்: எண் நகர்த்தும் புதிரைத் தீர்ப்பது எப்படி?

நான்குக்கு நான்கு என்று பதினாறு கட்டங்கள் உள்ள ஒரு சதுரப் பலகை. அதில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட பதினைந்து காய்கள் இருக்கும். ஒரு கட்டம் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கும். காலிக்கட்டத்தை ஒட்டி மேலோ, கீழோ, இடப்புறமோ, வலப்புறமோ இருக்கும் காயை அந்தக் கட்டத்துக்குள் தள்ளலாம். குறுக்காக நகர்த்தக் கூடாது; ஒரு காயைத் தூக்கி இன்னொன்றைத் தாண்டி வைக்கவும் கூடாது. கலைந்து கிடக்கும் எண்களை மேல் வரிசையின் இடக்கோடியிலிருந்து 1, 2, 3, 4 என்று தொடங்கி வரிசைப்படுத்தி, காலிக்கட்டம் கீழ் வரிசையின் வலக்கோடியில் வந்து நிற்குமாறு முடித்தால் ஆட்டம் தீர்ந்தது. விதிகள் இவ்வளவுதான். கைப்பேசியில் ஆடினாலும் பிளாஸ்டிக் பலகையில் ஆடினாலும் இதில் மாற்றமில்லை. எட்டுக் காய்கள் மட்டுமே உள்ள மூன்றுக்கு மூன்று பலகையும் உண்டு; முதன்முறையாக ஆடுபவர் அதில் கைபழகிக்கொண்டு பெரிய பலகைக்கு வருவது நல்லது.

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே காரணத்தால்தான். 1 என்ற எண் வேண்டுமென்றால் அவர்கள் 1-ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் நாம் உண்மையில் ஓட்டிச் செல்வது காயை அல்ல, காலிக்கட்டத்தை. எந்தக் காயும் தானாக எங்கும் போக முடியாது. அது போக வேண்டிய பக்கத்தில் காலிக்கட்டம் வந்து நின்றால்தான் ஓர் அடி எடுத்து வைக்கும். ஆகவே, ‘இந்தக் காயை எப்படி இடப்புறம் கொண்டுபோவது?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘காலிக்கட்டத்தை இந்தக் காயின் இடப்புறத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?’ என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு காயை இடப்புறமாக நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காய் ஓர் அடி இடப்புறம் போனதும், அது விட்டுவந்த இடம் காலியாகிறது. அதாவது காலிக்கட்டம் இப்போது காயின் வலப்புறத்தில் நிற்கிறது. அதே காயை மீண்டும் இடப்புறமே நகர்த்த வேண்டுமென்றால், காலிக்கட்டம் காயைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போக வேண்டும்: கீழே ஒன்று, இடப்புறம் இரண்டு, மேலே ஒன்று, ஆக நான்கு நகர்த்தல்கள். ஐந்தாவது நகர்த்தலில்தான் நம் காய் அடுத்த அடியை எடுத்து வைக்கும். ஆனால் இடப்புறம் ஓர் அடி வந்த காயை அடுத்து மேலே நகர்த்த நினைத்தால், காலிக்கட்டம் மேலே ஒன்று, இடப்புறம் ஒன்று போனாலே போதும். மூன்றாவது நகர்த்தலில் காய் மேலே ஏறிவிடும். நேராகச் செல்ல ஒவ்வோர் அடிக்கும் ஐந்து, திரும்பிச் செல்ல மூன்று என்பதே இதன் கணக்கு. எனவே ஒரு காயை இரண்டு கட்டம் இடப்புறமும் இரண்டு கட்டம் மேலேயும் கொண்டுபோக வேண்டியிருந்தால், முதலில் இடப்புறம் முழுவதும் போய் அதன்பின் மேலே ஏறுவதைக் காட்டிலும், இடம், மேல், இடம், மேல் என்று படிக்கட்டாக ஏற்றுவது சிக்கனமானது. காலிக்கட்டம் சரியான இடத்தில் நிற்கும் நிலையிலிருந்து எண்ணினால் முன்னதற்கு 14 நகர்த்தல்கள் ஆகும், பின்னதற்கு 10 போதும்.

இனி எந்த ஒழுங்கில் தீர்ப்பது என்பதைப் பார்ப்போம். மேல் வரிசையை முதலில் முடித்துவிட்டு அதைத் தொடாமல், கீழே எஞ்சியிருக்கும் மூன்று வரிசைகளுக்குள்ளேயே காலிக்கட்டத்தைச் சுற்றிவரச் செய்வதுதான் தொடக்க ஆட்டக்காரருக்கு ஏற்ற வழி. பிறகு இரண்டாம் வரிசையும் அப்படியே. முடித்த பகுதியைக் கலைக்காமலிருப்பதே இந்த வழிமுறையின் உயிர்நாடி. அடுத்தடுத்து ஆட வேண்டிய களம் சுருங்கிக்கொண்டே வருவதால் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதும் குறைந்துகொண்டே வரும்.

1-ஐயும் 2-ஐயும் அவற்றின் இடத்தில் அமர்த்துவதில் எந்தச் சிரமமும் இல்லை. 3-ஐயும் அதேபோல் நேராகக் கொண்டுபோய் அமர்த்திவிட்டு 4-ஐத் தேடிக்கொண்டு வருபவர்தான் சிக்கிக்கொள்கிறார். ஏன் என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். மூலைக்கட்டத்துக்கு அண்டைக்கட்டங்கள் இரண்டே இரண்டு. மேல் வரிசை வலக்கோடிக்கு இடப்புறம் 3 அசையாமல் அமர்ந்துவிட்டால், அந்த மூலைக்குப் போகவும் வரவும் கீழே உள்ள ஒரே வழிதான் மிஞ்சும். மூலையில் இருக்கும் வேறொரு காயை வெளியேற்றக் காலிக்கட்டம் கீழிருந்து மேலே போகிறது. அந்தக் காய் கீழே இறங்குகிறது. இப்போது காலிக்கட்டம் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது வெளியே வர வேண்டுமென்றால் இறங்கிய அதே காய் மீண்டும் மேலே ஏற வேண்டும். 3-ஐத் தொடாதவரை அந்த மூலைக்குள் 4 நுழைய வழியே கிடையாது.

ஆகவே வரிசையின் கடைசி இரண்டு காய்களைத் தனித்தனியே அமர்த்தக் கூடாது. இணையாகவே நுழைக்க வேண்டும். 3-ஐ அதன் சொந்த இடத்தில் வைக்காமல், 4-க்கு உரிய மூலையில் வைக்கிறோம். 4-ஐ அதற்கு நேர் கீழே, இரண்டாம் வரிசையின் கோடியில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். காலிக்கட்டத்தை 3-க்கு உரிய இடத்துக்குக் கொண்டுவந்தால், 3 இடப்புறம் நகரும், 4 மேலே ஏறும், வரிசை முடிந்துவிடும். இரண்டு பெட்டிகள் கொண்ட ரயில் ஒரு வளைவில் திரும்புவதுபோல இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகின்றன.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை: 3-ஐ மூலைக்குக் கொண்டுவரும் வேளையில் 4 அதற்கு இடப்புறத்தில் வந்து அமர்ந்துவிடக் கூடாது. அதனால் 3-ஐத் தொடுவதற்கு முன்பே 4-ஐ மூன்றாம் வரிசைக்கோ நான்காம் வரிசைக்கோ அனுப்பிவைத்துவிடுவது நல்ல பழக்கம். அப்படியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்குக் கீழே உள்ள அமைப்பைப் பாருங்கள். □ என்பது காலிக்கட்டம்.

1   2   4   3
9   5   □   7
6   10   11   12
8   13   15   14

இங்கே 3 மூலையில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 4 அதன் இடப்புறத்தில் நுழைந்துவிட்டது. 4-ஐயும் 3-ஐயும் 7-ஐயும் மேல் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே எத்தனை முறை சுழற்றினாலும் அவற்றின் சுற்று ஒழுங்கு மாறாது. சுற்றை உடைக்க வேண்டுமென்றால் 4-ஐ மூன்றாம் வரிசைவரை இறக்கியாக வேண்டும். 4 கீழே, 3 இடப்புறம், 7 மேலே, 12 மேலே, 11 வலப்புறம், 4 கீழே. இப்போது 4 மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது. அடுத்து 3-ஐ மீண்டும் மூலைக்கு அனுப்புகிறோம்: 12 இடப்புறம், 7 கீழே, 3 வலப்புறம். அதன்பின் 4-ஐ 3-க்கு நேர் கீழே கொண்டுவருகிறோம்: 12 மேலே, 4 மேலே, 11 இடப்புறம், 7 கீழே, 4 வலப்புறம். கடைசியாக 12 கீழே, 3 இடப்புறம், 4 மேலே. மொத்தம் 17 நகர்த்தல்கள். முடிவில் பலகை இப்படி இருக்கும்:

1   2   3   4
9   5   12   □
6   10   11   7
8   13   15   14

இந்தப் பதினேழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இணையங்களில் இப்படிப்பட்ட ‘சூத்திரங்கள்’ நிறையக் கிடைக்கின்றன. அவற்றை உருப்போட்டு ஆடுபவர் ஒரு நகர்த்தலை மறந்தாலும் நடுவழியில் நின்றுவிடுவார். ‘4-ஐ இரண்டு வரிசை கீழே இறக்கு, 3-ஐ மூலைக்கு அனுப்பு, 4-ஐ அதன் காலடியில் நிறுத்து’ என்ற மூன்று கட்ட எண்ணத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், நகர்த்தல்கள் தாமாகவே கைக்கு வந்துவிடும். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, எண் எழுதிய துண்டுகளை வைத்து மேற்கண்ட எடுத்துக்காட்டை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால், படித்துப் புரிந்துகொள்வதைவிட விரைவில் விளங்கும்.

இரண்டாம் வரிசையில் 5, 6, 7, 8 ஆகியவற்றுக்கும் இதே வழிதான்: 5-ஐயும் 6-ஐயும் நேராக அமர்த்திவிட்டு, 7-ஐ 8-இன் இடத்திலும் 8-ஐ அதற்குக் கீழேயும் நிறுத்தி இணையாக நுழைக்க வேண்டும்.

மூன்றாம் வரிசைக்கு வந்ததும் முறை மாறுகிறது. இங்கேயும் 9, 10, 11, 12 என்று வரிசையாக முடிக்க முனைந்தால், கீழே ஒற்றை வரிசை மட்டுமே மிஞ்சும். ஒற்றை வரிசையில் காலிக்கட்டம் முன்னும் பின்னும் ஓடலாமே தவிர, 13, 14, 15 ஆகிய காய்களின் முன்பின் ஒழுங்கைச் சற்றும் மாற்ற முடியாது. எனவே கடைசி இரண்டு வரிசைகளை இடப்பக்கத்திலிருந்து நெடுவாக்கில் முடிக்க வேண்டும்: முதலில் 9-உம் அதன் கீழே 13-உம், பிறகு 10-உம் அதன் கீழே 14-உம். ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் இணை என்பதால் மேலே சொன்ன நுழைத்தல் முறையையே பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தலாம். 13-ஐ 9-க்கு உரிய இடத்தில், அதாவது மூன்றாம் வரிசையின் இடக்கோடியில் வைக்கிறோம். 9-ஐ அதற்கு வலப்புறத்தில் நிறுத்துகிறோம். காலிக்கட்டத்தை 13-க்குக் கீழே கொண்டுவருகிறோம். 13 கீழே இறங்கும், 9 இடப்புறம் வந்து அதன் இடத்தில் அமரும். 13 முதலில் மூலைக்குப் போய்விட, 9 அதன் கீழே மாட்டிக்கொள்ளும் நிலை இங்கேயும் வரலாம். மீட்கும் வழியும் அதேதான், 9-ஐ இரண்டு நெடுவரிசை வலப்புறம் தள்ளிவிட்டு 13-ஐ மறுபடி மேல் மூலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டே வரிசைகளுக்குள் ஆடுவதால் இடம் நெருக்கடியாகத் தோன்றும். முடித்த மேல்வரிசைகளைச் ‘சற்றே’ கலைத்துவிட்டுத் திரும்பிவரலாம் என்ற ஆசை எழுவது இங்கேதான். அதற்குத் தேவையே இல்லை.

கடைசியில் வலப்பக்க மூலையில் இரண்டுக்கு இரண்டு என்ற சிறு சதுரமும் அதில் 11, 12, 15 என்ற மூன்று காய்களும் மிஞ்சும். இங்கே யோசிக்க எதுவுமில்லை. காலிக்கட்டத்தை ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தால், கடிகாரம் சுற்றும் திசையில் 11, 12, 15 என்ற ஒழுங்கில் இருக்கும் காய்கள் விரைவிலேயே தத்தம் இடத்துக்கு வந்துவிடும். அந்தச் சுற்று ஒழுங்கு 11, 15, 12 என்று இருந்தால் மட்டும் எவ்வளவு சுற்றினாலும் முடியாது. மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தும் இப்படி வந்தால், அந்தப் பலகை தொடக்கத்திலிருந்தே தீர்க்க முடியாத பலகை.

தீர்க்க முடியாத பலகை என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கும் இந்தப் புதிரின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரில் அஞ்சலகத் தலைவராக இருந்த நாயஸ் சாப்மன் என்பவர் 1870-களில் இதை உருவாக்கினார். 1879-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்து, 1880-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் மோகமாகப் பரவியது. அன்றைய புதிரில் மரக்காய்கள் பெட்டிக்குள் தனித்தனியே கிடக்கும். அவற்றைக் கொட்டிவிட்டுக் கண்டபடி அடுக்கித் தொடங்குவதே வழக்கம். அப்படித் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எல்லாம் சரியாக வந்து, கடைசி வரிசை மட்டும் 13, 15, 14 என்று நின்றுவிடும். இன்னும் சற்று முயன்றால் முடிந்துவிடும் என்ற எண்ணத்தில் மக்கள் இரவு பகலாக அதை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் சாம் லாயிட் என்ற புகழ்பெற்ற புதிர்க்கலைஞர், இந்தப் புதிரைக் கண்டுபிடித்தவரே தாம்தான் என்று சொல்லிக்கொண்டதோடு, 14-ஐயும் 15-ஐயும் இடம் மாற்றித் தருபவருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். முதல் கூற்று உண்மையல்ல. பரிசைப் பொறுத்தவரை அவருக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை, ஏனெனில் அது நடக்காத காரியம் என்பதை வில்லியம் ஜான்சன், வில்லியம் ஸ்டோரி என்ற இரு கணிதவியலாளர்கள் 1879-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமாட்டிக்ஸ்’ இதழிலேயே நிறுவியிருந்தார்கள்.

அதன் காரணம் கணிதம் படிக்காதவருக்கும் விளங்கக்கூடியதே. பலகையை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, காலிக்கட்டத்தை விட்டுவிட்டு ஒரே வரியாக வாசியுங்கள். பெரிய எண் ஒன்று சிறிய எண்ணுக்கு முன்னால் வரும் ஒவ்வொரு ஜோடியையும் ‘முறைமாறிய ஜோடி’ என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு காய் பக்கவாட்டில் நகர்ந்தால் இந்த வாசிப்பில் எதுவும் மாறுவதில்லை. மேலேயோ கீழேயோ நகர்ந்தால், அது வாசிப்பு வரிசையில் சரியாக மூன்று காய்களைத் தாண்டுகிறது. ஆகவே முறைமாறிய ஜோடிகளின் எண்ணிக்கை ஒன்றோ மூன்றோ கூடும், அல்லது குறையும். அதாவது இரட்டை எண் ஒற்றையாகும், ஒற்றை இரட்டையாகும். அதே நகர்த்தலில் காலிக்கட்டமும் ஒரு வரிசை மாறுகிறது. எனவே முறைமாறிய ஜோடிகளின் எண்ணிக்கையையும், கீழிருந்து எண்ணும்போது காலிக்கட்டம் இருக்கும் வரிசையின் எண்ணையும் கூட்டினால் வருவது ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்பது ஆட்டம் முழுவதும் மாறவே மாறாது. தீர்ந்த பலகையில் ஜோடி 0, வரிசை 1, கூட்டினால் 1, ஒற்றை எண். ஆகவே தொடக்க அமைப்பிலும் கூட்டுத்தொகை ஒற்றையாக இருந்தால் மட்டுமே அது தீரும்.

மேலே மூலைச் சிக்கலுக்குக் காட்டிய பலகையையே சோதித்துப் பார்க்கலாம். அதில் 4-3, 9-5, 9-7, 9-6, 9-8, 7-6, 10-8, 11-8, 12-8, 15-14 என்று பத்து ஜோடிகள் முறைமாறியிருக்கின்றன. காலிக்கட்டம் கீழிருந்து மூன்றாம் வரிசையில் இருக்கிறது. 10-உம் 3-உம் சேர்ந்து 13, ஒற்றை எண், எனவே தீர்க்கலாம். 14-உம் 15-உம் மட்டும் மாறி நிற்கும் லாயிட்டின் பலகையில் ஜோடி 1, வரிசை 1, கூட்டுத்தொகை 2, எனவே முடியாது. ஆனால் அதே பலகையில் காலிக்கட்டத்தை மேல் இடமூலையில் வைத்து, அதற்கடுத்து 1, 2, 3 என்று தொடங்கி 15 வரை வரிசைப்படுத்தச் சொன்னால் முடியும்! அந்த அமைப்பில் ஜோடி 0, வரிசை 4; கூட்டுத்தொகை இரட்டை எண்ணாகிவிடுகிறது. பரிசுப் போட்டியை விட இது நல்ல சவால் என்பது என் எண்ணம். மூன்றுக்கு மூன்று பலகையில் கணக்கு இன்னும் எளிது: மேலும் கீழும் நகரும் காய் இரண்டு காய்களைத்தான் தாண்டும் என்பதால் வரிசையைப் பார்க்கவே வேண்டாம், முறைமாறிய ஜோடிகள் இரட்டை எண்ணாக இருந்தால் போதும்.

பதினாறு கட்டங்களில் காய்களையும் காலிக்கட்டத்தையும் அடுக்கும் வழிகள் மொத்தம் சுமார் 20.9 லட்சம் கோடி. அவற்றில் சரிபாதி, அதாவது சுமார் 10.46 லட்சம் கோடி அமைப்புகள் மட்டுமே தீரக்கூடியவை. அவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் 80 நகர்த்தல்களுக்கு மேல் தேவைப்படாது என்பது கணினிகளின் துணையோடு நிறுவப்பட்டிருக்கிறது. மூன்றுக்கு மூன்று பலகையில் தீரக்கூடிய அமைப்புகள் 1,81,440. அங்கே உச்ச எல்லை 31. இந்த எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மேலே சொன்ன வரிசை முறையில் ஆடினால் 80-ஐத் தாண்டுவது இயல்பே. மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது வேறு வகையான, மிகக் கடினமான கேள்வி. ஆரம்பத்தில் நகர்த்தல் எண்ணிக்கையைக் காட்டும் பகுதியைப் பார்க்காமலேயே ஆடுவது உத்தமம்.

வேகம் வேண்டும் என்கிற கட்டம் வரும்போது இரண்டு பழக்கங்கள் உதவும். 1-ஐக் கொண்டுபோகும்போதே 2 எங்கே இருக்கிறது என்று பார்த்து, காலிக்கட்டம் சுற்றிவரும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் 2-உம் கூடவே ஓரிரு கட்டம் நெருங்கிவரும். காலிக்கட்டம் காயை மேல்வழியாகச் சுற்றினாலும் கீழ்வழியாகச் சுற்றினாலும் நகர்த்தல் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் இடையில் இடம்மாறும் காய்கள் வேறு. இரண்டாவதாக, பல கைப்பேசிச் செயலிகளில் காலிக்கட்டம் இருக்கும் அதே வரிசையில் தொலைவில் உள்ள காயைத் தொட்டால் இடையிலுள்ள இரண்டு மூன்று காய்களும் சேர்ந்தே நகரும். ஒவ்வொன்றாகத் தள்ளும் நேரம் மிச்சமாகும்.

இந்த ஆட்டத்தைத் தாமே ஒரு நிரலாக எழுத விரும்புபவர்கள் எண்களைக் கண்டபடி அடுக்கிப் பலகையை உருவாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இரண்டுக்கு ஒன்று தீராத பலகையாக வந்து, ஆடுபவரைக் காரணமின்றி அலைக்கழிக்கும். தீர்ந்த பலகையிலிருந்து தொடங்கிக் காலிக்கட்டத்தைச் சில நூறு முறை விதிப்படியே நகர்த்திக் கலைக்கலாம். அல்லது கண்டபடி அடுக்கியபின் கூட்டுத்தொகையைச் சோதித்து, இரட்டையாக வந்தால் ஏதேனும் இரண்டு காய்களை இடம் மாற்றிவிடலாம். கையில் இருக்கும் பலகையில் காய்கள் கழன்று விழுந்து திரும்பப் பொருத்தியிருந்தால், ஆடத் தொடங்குமுன் அதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.